துர்கிஸ்தான் யசவி தர்கா: அந்த முன்வாசலைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

கடலோரன்
கசாக்ஸ்தான்ல துர்கிஸ்தான் ஊர்ல இருக்கிற சூஃபி ஞானி யசவியோட தர்காவைச் சொல்றேன். நீலக் குவிமாடத்தை எல்லாரும் படத்துல பார்த்திருப்பீங்க, அதை விடுங்க. எனக்கு முன்வாசல்தான் மறக்கல. பூச்சு இல்ல, ஓடு இல்ல, வெறும் செங்கல். அண்ணாந்து பார்த்தா சுவர்லேருந்து சாரக்கம்புங்க நீட்டிக்கிட்டு நிக்குது, அதுமேல வரிசையா புறா. 1405ல, இதைக் கட்டவச்ச மன்னர் தைமூர் இறந்ததும் வேலை அப்படியே நின்னுபோச்சு. நான் கட்டட வேலை பார்க்கிறவன். சாரம் பிரிக்காம ஆளுங்க போனா, பெரும்பாலும் கூலி பாக்கி. அந்தக் கொத்தனாருங்களுக்குக் கடைசி வாரக் கூலி கிடைச்சுதா? ரெண்டு வருஷமா இதே நினைப்பு.

மருதாணி
எனக்கு உள்ளே இருக்கிற அண்டா. 1399ல வார்த்தது, 2 டன். 18 மீட்டர் அகலக் குவிமாடத்துக்குக் கீழே நிக்குது. பக்கத்துல ஒரு கசாக் பாட்டி ரொம்ப நேரம் கையேந்தி நின்னாங்க. பேரன் இங்கிலீஷ்ல சொன்னான்: அவங்க கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ இந்த இடம் காலியாம். அண்டாவை 1935ல லெனின்கிராட் ஹெர்மிடாஜ் மியூசியத்துக்குக் கொண்டுபோனது, 1989லதான் திரும்பி வந்துச்சு. துஆ முடிச்சுத் தன் முகத்தைத் தடவின கையாலேயே என் கன்னத்தையும் தடவினாங்க. எதுக்குன்னு கேட்கத் தோணல.

ஜியாரத் பயணி
கடலோரன் பாய், ஒரு திருத்தம். வேலை 1405லயே முழுசா நிக்கல. 16ஆம் நூற்றாண்டு கடைசியில புகாராவை ஆண்ட அப்துல்லா கானும் அந்த முகப்புல கை வச்சிருக்கார். கம்பு எல்லாமே தைமூர் காலத்துதுன்னு அடிச்சுச் சொல்லாதீங்க.

அப்புறம், ரெண்டு பேரும் கப்ரை, அதான் சமாதியை, பத்திப் பேசவே இல்லையே! யசவி ஹஜ்ரத் அடங்கியிருக்கிறது பின்பக்கம், வரிவரியா மடிப்பு வச்ச சின்னக் குவிமாடத்துக்குக் கீழே. நான் அங்கே ஃபாத்திஹா ஓதும்போது குரல் நடுங்கிருச்சு. அவ்வளவுதான் என் கதை.

போறவங்களுக்குச் சொல்றேன்: நேரா இங்கே வராதீங்க. முதல்ல ஒத்ரார்ங்கிற பழைய ஊர் பக்கம் இருக்கிற அரிஸ்தான் பாப் தர்காவுக்குப் போங்க, அவர்தான் ஹஜ்ரத்தோட உஸ்தாது, அதாவது குரு. அங்கே ராத்தங்கிட்டு இங்கே வந்து துஆ கேட்கணும்னு கசாக் மக்கள் சொல்வாங்க. தைமூர் உயிர் போனதும் அந்த ஒத்ரார்லதான், சீனாவுக்குப் படையோட போற வழியில. ஜூலையில போகாதீங்க, வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பெண்கள் முக்காடு எடுத்துக்குங்க. தர்கா பக்கத்துல இருக்கிற நிலவறைப் பள்ளியை விட்டுடாதீங்க. நபி 63 வயசுல மறைஞ்சாங்க, அந்த வயசுக்கு மேல நான் வெயிலைப் பார்க்கக்கூடாதுன்னு ஹஜ்ரத் நிலத்துக்கு அடியில இறங்கிட்டதாச் சொல்வாங்க. வாசல்ல நின்னு படம் எடுத்துட்டு வண்டி ஏறுறவங்களைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு.

கடலோரன்
திருத்தத்துக்கு நன்றி பாய். கப்ருகிட்ட நானும் நின்னேன், எழுத வரல. அந்தக் கம்புங்களைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கா, சுவருக்குள்ள சொருகி மட்டும் விட்டிருக்கா? நான் எடுத்த படத்தைப் பெருசாக்கிப் பார்த்துட்டேன், தெரியல. யார்கிட்டயாவது கிட்டத்துல எடுத்த படம் இருந்தா போடுங்க.