டரான்டுலாவுக்கு மெழுகுப்புழு: எத்தனை, எப்போது?

சிலந்திக்கூடு:
வணக்கம். என்னிடம் இருப்பது சுருள்முடி டரான்டுலா, வளர்ந்த பெண், கால் விரிப்பு 13 செ.மீ. தோலுரித்து மூன்று வாரம் ஆகிறது. வயிறு இன்னும் தலைமார்பு ஓட்டைவிட (முன்னுடலின் மேல் ஓடு) சிறிதாகத்தான் இருக்கிறது. வழக்கமான தீனி வாரம் ஒரு கிரிக்கெட் பூச்சி. இப்போது 50 மெழுகுப்புழு (தேனடையைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு) உள்ள டப்பா ஒன்று வாங்கியிருக்கிறேன். எத்தனை கொடுக்கலாம்? நேற்று ஒன்றைப் போட்டேன்; அவள் கவனிப்பதற்குள் தென்னைநார்த் தூளுக்குள் புகுந்துவிட்டது. தோண்டி எடுக்க வேண்டுமா? மீதியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

கருங்கால்:
மெலிந்திருப்பதால் இப்போது கொடுக்கலாம். வாரம் ஒன்று வீதம் இரண்டு மூன்று வாரம், கிரிக்கெட்டோடு சேர்த்து. வயிறு ஓட்டின் அளவைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, அப்புறம் மாதம் ஒன்று போதும்.

காரணம் கொழுப்பு. உயிருள்ள மெழுகுப்புழுவின் எடையில் கால் பங்குக்குக் கிட்டத்தட்டக் கொழுப்புதான். புரதம் 14 சதவீதம் அளவில். கிரிக்கெட்டில் கொழுப்பு 7 சதவீதத்துக்குள், புரதம் 20. அதாவது இது சாப்பாடு இல்லை, பலகாரம். முட்டைப்பை சுமந்து இளைத்த பெண், பார்சலில் வாடி வந்தது, தோலுரித்து ஒட்டிப்போனது, இவற்றுக்குத்தான் நிஜமாகப் பயன்படும்.

வயிறு தலைமார்பு ஓட்டின் அளவில் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஒன்றுகூட வேண்டாம். உங்களுடையது தரைவாழ் இனம். கனத்த வயிற்றோடு கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். கிழிந்தால் பிழைப்பது அபூர்வம். கூண்டு உயரமாக இருந்தால் மண்ணைக் கூட்டிப் போடுங்கள். மண்ணிலிருந்து மூடிவரை கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

பல்லிகளுக்குச் செய்வதுபோலக் கால்சியம் பொடி தூவ வேண்டாம். சிலந்திக்கு எலும்பே கிடையாதே!

அந்துப்பூச்சி:
மண்ணுக்குள் போனதை விட்டுவிடுங்கள். தோண்டினால் அவள் வளையும் போகும், நிம்மதியும் போகும். உள்ளே பட்டுக்கூடு கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். வளர்ந்த அந்துக்கு இரை தின்னும் வாயே கிடையாது, யாரையும் கடிக்காது. படபடவென்று சிறகடிக்கும்போது அவளே பிடித்துத் தின்பாள். மரவாழ் இனங்களுக்குப் புழுவைவிட அந்துவே நல்ல தீனி.

ஆனால் தோலுரிக்கும் நேரத்தில் புழு உள்ளே இருப்பது ஆபத்து. தேனடையைக் கடித்துத் துளைத்துப் பழகிய வாய் அது. புதுத்தோல் மெத்தென்று இருக்கும்போது கடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இடம் கறுத்து, தீனியை மறுக்க ஆரம்பித்தால் எதையும் போடாதீர்கள்.

அடுத்த முறை கீழே போடாமல் இடுக்கியில் காட்டுங்கள். டரான்டுலா இரையைக் கண்ணால் தேடுவதில்லை, அதிர்வில்தான் அறியும். புழுவின் பின்பாதியைப் பிடித்து, முன்காலுக்கு ஒரு செ.மீ. முன்னால் மண்ணில் லேசாக உரசுங்கள். மூங்கில் இடுக்கியோ ரப்பர் முனை உள்ளதோ நல்லது. இரும்பைக் கவ்வினால் நச்சுப்பல் முறியலாம். இடுக்கி பிடிக்காவிட்டால், புழுவின் தலையை நசுக்கிப் போடுங்கள். சிறிது நேரம் நெளியும், புதையாது. மறுநாளும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். கொழுப்பு கெட்டால் பூஞ்சையும் உண்ணியும் வரும்.

தேனடை:
சேமிப்பு பற்றி. ஃபிரிட்ஜின் 4 டிகிரி புழுவுக்கு ஆகாது, கறுத்துச் சாகும். 10 முதல் 15 டிகிரி உள்ள இடம் சரி. சில வாரம் அப்படியே மந்தமாகக் கிடக்கும். அப்படி இடம் இல்லையென்றால் வெளியிலேயே வையுங்கள், கூடு கட்டியவை அந்து ஆகட்டும். குளிரிலிருந்து எடுத்ததும் கொடுக்காதீர்கள், அரை மணி நேரம் வெளியில் இருந்தால்தான் நெளியும். வெளிர்மஞ்சள் நிறமும் தொட்டால் துள்ளலும் இருந்தால் நல்ல புழு. கறுத்தது குப்பைக்கு.

பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், கடித்து ஓட்டை போட்டுவிடும். கண்ணாடி ஜாடி, வாய்க்கு மெல்லிய எஃகு வலை.

தேனீ வளர்ப்பவரிடம் பாழான அடை இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. புழு அதேதான். ஆனால் சேமித்த அடைக்குக் கந்தகப் புகையோ அந்து மருந்தோ காட்டியிருப்பார்கள், பெட்டியில் உண்ணி மருந்து வைத்திருக்கவும் கூடும். என்ன போட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரியாத அடையிலிருந்து எடுக்காதீர்கள்.

சிலந்திக்கூடு:
நன்றி. 2 செ.மீ. குட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கு? இதைத் தின்று பழகினால் கிரிக்கெட்டைத் தொடாது என்கிறார்களே?

கருங்கால்:
குட்டிக்கு முழுப்புழு பெரிது. குறுக்கே வெட்டி, அதன் வயிற்றளவு துண்டை வளைவாயில் வையுங்கள். 24 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தோலுரித்திருந்தால் நச்சுப்பல் கறுக்கும்வரை பொறுங்கள்: குட்டிக்கு நாலைந்து நாள், பெரியதற்கு 10 முதல் 14 நாள்.

பழகிவிடும் என்பது பல்லி வளர்ப்பவர்கள் பேச்சு. டரான்டுலா மறுத்தால் வயிறு நிறைந்திருக்கும், இல்லையேல் தோலுரிக்கப் போகிறது. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் பத்து நாள் கழித்துக் கிரிக்கெட்டைக் காட்டுங்கள்.