ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபாய் கார்டு: எடுக்கலாமா?

கேள்வி: பயண கிரெடிட் கார்டு. 150 ரூபாய்க்கு 5 புள்ளி. விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் 1 புள்ளி 1 ரூபாய். மாதச் செலவு 45,000, அதில் வாடகை 18,000. ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர். அங்கே ஒரு லட்சம் ஆகும், அதுவும் ஆண்டு மொத்தச் செலவுக்குள்தான். இப்போது கையில் இருப்பது கட்டணமில்லாத 1% கேஷ்பேக் கார்டு.

பதில் 1: ஜிஎஸ்டி சேர்த்து கட்டணம் 11,800. வாடகைக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது, சேவைக் கட்டணம் வேறு. மிச்சம் ஆண்டுக்கு 3,24,000. அதற்கு 10,800 புள்ளி. கட்டணத்துக்கே காணாது! பழைய கார்டில் சும்மா வரும் 3,240-ம் போச்சு. ஆக 4,240 நஷ்டம். பல வங்கிகள் 290 ரூபாய் பில்லுக்கும் 5 புள்ளிதான் தரும், மிச்ச 140 கணக்கில் வராது.

பதில் 2: அந்நியச் செலாவணிக் கட்டணத்தை, அதாவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கட்டணத்தை, விட்டுட்டீங்களே. சாதாரண கார்டில் 3.5%, ஜிஎஸ்டியோடு 4.13%. இந்த மாதிரி கார்டில் 2% என்றால் 2.36%. லட்சத்துக்கு 1,770 மிச்சம். அப்படியும் 2,470 கையை விட்டுத்தான் போகுது. சிங்கப்பூர் கடையில் மெஷின் 'ரூபாயா, டாலரா' என்று கேட்டால் டாலரையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்திலேயே லாபம் வைத்துவிடுவார்கள்.

பதில் 1: சரிதான். கார்டு எடுத்ததற்கான வரவேற்புப் புள்ளி 10,000 கொடுத்தால் முதல் ஆண்டு மட்டும் எடுக்கலாம். இரண்டாம் ஆண்டு கட்டணம் விழும் முன்பே தள்ளுபடி கேளுங்க, மறுத்தால் மூடிடுங்க. மூடும் முன் புள்ளியைச் செலவழிக்கணும். விமான நிலைய லவுஞ்சை (ஓய்வுக்கூடம்) கணக்கில் சேர்க்காதீங்க, முந்தைய காலாண்டுச் செலவைப் பார்த்துத்தான் பல வங்கிகள் உள்ளே விடுகின்றன.