2015 பிஎம்டபிள்யூ 320டி ஜிடி, கர்நாடகா வண்டி, 12.75 லட்சம்: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சத்தம். வாங்கலாமா?

சத்துவாச்சாரி ஃபேஸ் 2:

எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். கையில் இருப்பது 2012 ஸ்விஃப்ட் டீசல், ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. தங்கை பெங்களூரில் இருக்கிறாள், மாதம் இரண்டு தடவையாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் பின் சீட்டில் புரண்டு புரண்டு உட்காருவார். பட்ஜெட் எல்லாம் சேர்த்து 14 லட்சம், அதில் 5 கடன். இந்தக் காசுக்குப் புது எஸ்யூவியே வரும் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆசை விடவில்லை.

பெங்களூரில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் 3 சீரிஸ் ஜிடி ஒன்று நிற்கிறது. வெள்ளை நிறம், டீசல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 71,400. சாதாரண 3 சீரிஸைவிட இதன் முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலான இடைவெளி 11 சென்டிமீட்டர் அதிகம், அதில் பெரும்பகுதி பின் சீட்டுக்காரர்கள் காலுக்குத்தான் போயிருக்கிறது. அம்மா ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார், முன் சீட்டில் இடிக்கவில்லை. அதோடு நான் கவிழ்ந்துவிட்டேன்.

இப்போது சந்தேகம். முதல் தடவை மதியம் போனபோது எஞ்சின் பூனை மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை சொல்லாமல் காலையில் போய் நின்றேன். ஸ்டார்ட் செய்த உடனே இரண்டு மூன்று வினாடி, சைக்கிள் செயின் கார்டில் உரசுகிற மாதிரி கர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் இல்லை. விற்பவர் "டீசல்னா அப்படித்தான் சார்" என்கிறார். பேட்டரி பற்றி ஏதோ மஞ்சள் எச்சரிக்கையும் திரையில் வந்து போனது. என்ன செய்யலாம்?

ஆம்பூர் டீசல்:

தம்பி, சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது? முன்னாடி ரேடியேட்டர் பக்கமா, கண்ணாடி பக்கமா? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த வருட 320டி-யில் பெரும்பாலும் என்47 என்கிற 2 லிட்டர் எஞ்சின், 184 குதிரைத்திறன். அதில் டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கிற செயின், எஞ்சினுக்குப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. நம்ம ஊர் வண்டிகளில் முன்னாடி கவரைக் கழற்றினால் செயினைப் பார்த்துவிடலாம், இதில் கியர்பாக்ஸை இறக்கவேண்டும், இல்லை எஞ்சினையே வெளியே எடுக்கவேண்டும். செயினும் கைடும் என்ன விலை என்பதை விட்டுவிடு, கூலிதான் உன்னைச் சாய்க்கும். 2007-லிருந்து 2011 வரை வந்த என்47-களில்தான் செயின் புகார் அதிகம், பிறகு பாகங்களை மாற்றினார்கள், அதனால் 2015 வண்டி என்றாலே செயின் போச்சு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆயிலை இழுத்து இழுத்து மாற்றிய வண்டியில் செயின் தளரும், அது எந்த கம்பெனி எஞ்சினாக இருந்தாலும் சரி. பிறகு வந்த பி47 எஞ்சினிலும் செயின் பின்னாடிதான், புகார் குறைவு.

சூடான எஞ்சினில் இந்தச் சத்தம் மறைந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை நீயே ஸ்டார்ட் செய்யவேண்டும், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். சாவி போடுவதற்கு முன்னால் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால் அன்றைக்கு வண்டி பார்க்க வந்தது வீண்.

கோட்டை அகழி:

ப்ரோ, 14 லட்சத்துக்குப் புது வண்டி, வாரண்டியோடு, பத்து நிமிஷத்தில் சர்வீஸ் சென்டர். இதற்கு ஒரு பம்பர் உடைந்தால் சென்னைக்கு ஓடவேண்டும். கிரீன் சர்க்கிளில் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் பிஎம்டபிள்யூவும் ஷேர் ஆட்டோவும் ஒரே வேகம்தான். சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

வாலாஜா ரோடு:

அகழி சொல்வதில் பாதி சரி. நான் அதே ஜிடியை நாலு வருடமாக வைத்திருக்கிறேன் (2017, பி47, 190 குதிரைத்திறன்), சென்னை, பெங்களூர் இரண்டுக்கும் நடுவிலேயே என் பிழைப்பு. 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் அதில் உட்கார்ந்து போனவனுக்கு வேறு வண்டி பிடிக்காது, அது உண்மை. லிட்டருக்கு 15, 16 சாதாரணமாகக் கிடைக்கிறது. டிக்கி 520 லிட்டர், பின் கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும், பெயிண்ட் பக்கெட்டே ஏற்றலாம்.

ஆனால் சார், ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து ஒருவர் புதிதாக வாங்கியபோது பார்ட்ஸுக்கு என்ன விலையோ அதே விலைதான் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்குகிற உங்களுக்கும். ரன்ஃப்ளாட் டயர், காற்றே இல்லாமல் மணிக்கு 80-இல் 80 கிலோமீட்டர் ஓடும், வாணியம்பாடியில் ஆணி குத்தினால் வேலூர் வந்து சேர்ந்துவிடலாம், நல்லதுதான், ஆனால் ஒன்று இருபதாயிரம் என்று வையுங்கள், நாலு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த வண்டியின் டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடத்து ரப்பர் நம்ம ஊர் மே மாத வெயிலில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பேட்டரி எச்சரிக்கை பெரிய விஷயம் இல்லாமல் இருக்கலாம். இதில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, புதிது போட்டால், வண்டியின் கணினியைப் படிக்கிற ஸ்கேனரை வைத்து வண்டிக்கு "புது பேட்டரி போட்டாச்சு" என்று பதியவேண்டும், தெரியாத கடையில் மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். பேட்டரி இருக்கிற பள்ளத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், மண்கோடு இருந்தால் தண்ணீர் புகுந்த வண்டி. சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது.

எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்பார்கள். அந்தப் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் கேளுங்கள், இல்லையென்றால் அதுவும் உங்கள் தலையில்.

ஃபாரம் 28:

எஞ்சின் பற்றி எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும். கர்நாடகா வண்டியை டிஎன் 23, அதாவது வேலூர் எண் ஆக்கவேண்டும் என்றால் முதலில் அங்கே தடையின்மைச் சான்று, அதுதான் ஃபாரம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் 35-உம் வங்கிக் கடிதமும். வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டக்கூடாது, அதற்குள் இங்கே பதியவேண்டும்.

எல்லாரும் மறக்கிற இடம் ஆயுள் வரி. நீங்கள் கொடுக்கப்போகிற 12.75 லட்சத்தின் மேல் வரி இல்லை ஐயா. வண்டி புதிதாக வாங்கிய அன்றைக்கு என்ன பில்லோ அதன்மேல், வண்டியின் வயது பார்த்துப் போடுவார்கள். நாற்பது லட்சம் வண்டிக்கு அது லட்சங்களில்தான் வரும். ஆர்டிஓ ஆபீசில் கணக்குக் கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். கர்நாடகாவில் கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் இங்கே கட்டிய ரசீதோடு அங்கே அலையவேண்டும், அந்தப் பணத்தை உங்கள் 14 லட்சத்தில் சேர்க்காதீர்கள். அப்புறம், பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது அவருடையது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

சத்துவாச்சாரி ஃபேஸ் 2:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு தங்கை வீட்டில் தங்கி, திங்கள் காலை எட்டரைக்கே போய்விட்டேன். காட்பாடியிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஸ்கேனரோடு கூட்டிக்கொண்டு போனேன், அவருக்கு ரயில் டிக்கெட்டும் இரண்டாயிரமும்.

பானெட்டில் கை வைத்தேன். தோசைக்கல். விற்பவரிடம் கேட்டால் "வெயில்ல நின்னுச்சு சார்" என்கிறார். வண்டி நிற்பது பேஸ்மென்ட்டில்!

சரி, வந்தது வந்தாயிற்று என்று மற்றதைப் பார்த்தோம். பெல்ட் சுத்தம், பேட்டரி பள்ளம் சுத்தம், தண்ணீர் வண்டி இல்லை. டயர் நாலும் 2018. மெக்கானிக் டிரைவர் கதவைத் திறந்து தூண் பக்கம் குனிந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். ஏதோ ஒரு லோக்கல் ஷெட் ஒட்டிய ஆயில் ஸ்டிக்கர், பாதி கிழிந்திருக்கிறது, பால்பாயின்ட் பேனாவில் எழுதியது மங்கிவிட்டது. ஃபோன் டார்ச் அடித்துப் படித்தோம். அடுத்த ஆயில் 1,12,000.

மீட்டரில் 71,400.

ஸ்கேனரைப் போட்டால் கியர்பாக்ஸ் பெட்டிக்குள் பதிவான கிலோமீட்டரும் லட்சத்தைத் தாண்டித்தான் காட்டியது. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு "முந்தின ஓனர் மீட்டர் மாத்தியிருப்பார், எங்களுக்குத் தெரியாது, 50 குறைச்சுக்கலாம்" என்றார். ஐம்பதாயிரம்! டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் புண்ணியம். சத்தத்தின் கதை கடைசிவரை தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

ஆம்பூர் டீசல்:

விட்டாயே, அது போதும். லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி தப்பான வண்டி இல்லை தம்பி, ஒன்றரை லட்சம் ஓடி ஆயில் பில்லெல்லாம் வரிசையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். இதில் 71,000 என்று நம்பி நீ எந்த வேலையை எப்போது செய்வாய்? கியர் ஆயில் இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டிருப்பாய்.

அம்மாவுக்குக் கால் நீட்டத்தானே? 2016-க்குப் பிந்தைய ஸ்கோடா சூப்பர்ப் டீசல் பார். 177 குதிரைத்திறன், டிக்கி 625 லிட்டர், அதுவும் பின் கண்ணாடியோடு மேலே திறக்கும், பின் சீட்டில் சப்பணம் போட்டு உட்காரலாம். ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் பெட்டி, அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில், அந்த பில் மட்டும் விடாமல் கேள்.

கோட்டை அகழி:

சூப்பர்ப் என்றால் விளம்பரத்தில் "டாக்டர் வண்டி" என்று போட்டிருக்கும் பாருங்கள். வேலூரில் டாக்டர் ஓட்டாத செகண்ட் ஹேண்ட் வண்டியே கிடையாது.

சத்துவாச்சாரி ஃபேஸ் 2:

அகழி அண்ணா, சிரிக்காதீர்கள், நிஜமாகவே டாக்டர் வண்டிதான் மாட்டியிருக்கிறது. காந்தி நகர். 2017 சூப்பர்ப், டிஎன் 23, ஒரே ஓனர், 94,000, ஃபைல் நிறைய பில், டிஎஸ்ஜி ஆயில் 58,000-இல் மாற்றியது உள்பட. 13.2 சொல்லி 12.6-க்கு வந்தார். வெளிமாநில வரி இல்லை, அலைச்சல் இல்லை. காலை ஆறரைக்குப் போனேன், பானெட் ஜில்லென்று இருந்தது. நானே ஸ்டார்ட் செய்தேன், டீசல் சத்தம் மட்டும்தான்.

ஏலகிரி ஏற்றினோம், பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் கியர் திணறவில்லை, மேலே போய் நிறுத்தி அடியில் பார்த்தோம், ஒழுகல் இல்லை. திரும்பும்போது அம்மா காலை நீட்டித் தூங்கிவிட்டார், பள்ளிகொண்டா டோலில்தான் எழுந்தார். ஜிடி மாதிரி கையில் உயிரோடு இல்லை ஸ்டீயரிங், அதை மறைக்க விரும்பவில்லை. மிச்சம் 1.4 லட்சத்தை டயருக்கும் டிஎஸ்ஜி ஆயிலுக்கும் என்று தனியாக வைத்திருக்கிறேன்.

ஒரே பிரச்சினை, வீட்டு வாசல் சரிவு. ஸ்விஃப்ட் ஏறும், சூப்பர்ப் நீளம், நடு வயிறு தரையில் உரசுகிறது. யாராவது இதற்கு வழி சொல்லுங்கள்.

வாலாஜா ரோடு:

என் வீட்டிலும் இதே கதைதான் சார். நேராக ஏற்றாமல் கொஞ்சம் சாய்த்து ஏற்றிப் பாருங்கள், தெரு அகலம் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சரிவு முடிகிற விளிம்பைக் கொத்தி, ரோட்டுப் பக்கம் ஒன்றரை அடி நீட்டிப் பூசவேண்டும். ரோட்டுக் கால்வாய் மூடியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மாநகராட்சியில் வந்து உடைத்துவிடுவார்கள்.

சத்துவாச்சாரி ஃபேஸ் 2:

சாய்த்து ஏற்றிப் பார்த்தேன், எதிர் வீட்டு ஸ்கூட்டர் இல்லாத நேரத்தில் ஏறுகிறது. கொத்தனாரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.