169.254 என்று தொடங்கிய முகவரி: வீட்டு நெட்வொர்க்கில் சேராத கணினி

பதினைந்து நாள் அணைத்தே வைத்திருந்த மேசைக் கணினியை மறுபடி இயக்கியபோது, அது வீட்டு நெட்வொர்க்கில் சேரவில்லை. கேபிள் செருகியிருந்த இடத்தில் பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. திரையிலோ 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று வந்தது. அதே ரவுட்டரில் இரண்டு கைபேசிகளும் தொலைக்காட்சியும் என் மடிக்கணினியும் தடையின்றி இயங்கிக்கொண்டிருந்ததால், கோளாறு மேசைக் கணினியில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், கேபிளை மாற்றினேன், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைக்கூட நிறுத்திப் பார்த்தேன். இரண்டு மாலைகள் இப்படியே போயின.

மூன்றாம் நாள் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கட்டளைச் சாளரத்தில், நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்தபோது, நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தது. இது ரவுட்டர் கொடுக்கும் முகவரி அல்ல. நெட்வொர்க்கில் சேர வரும் கணினி முதலில் தனக்கொரு முகவரி கேட்கும். ரவுட்டரில் உள்ள டிஎச்சிபி சேவை தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து, குறிப்பிட்ட காலக்கெடுவுடன் வழங்கும். கேட்டும் பதில் வராவிட்டால், விண்டோஸ் 98 காலத்திலிருந்தே, கணினி 169.254 வரிசையில் ஒன்றைத் தானாகவே வைத்துக்கொள்கிறது. முதல் நாளே இதைப் பார்த்திருந்தால் டிரைவரைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

சரிபார்ப்பதற்காக 192.168.1.50 என்ற முகவரியையும், வெளியே செல்லும் வழியைக் குறிக்கும் கேட்வே என்னும் இடத்தில் ரவுட்டரின் 192.168.1.1 என்ற முகவரியையும், இணையதளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் சேவையைக் குறிக்கும் டிஎன்எஸ் என்னும் இடத்தில் கூகுளின் 8.8.8.8 என்பதையும் கையாலேயே நிரப்பினேன். உடனே இணையம் வந்தது. கேபிள், நெட்வொர்க் கார்டு, டிரைவர் மூன்றிலும் குறையில்லை என்பது அத்துடன் உறுதியானது. முகவரி வழங்கும் இடத்தில்தான் ஏதோ அடைபட்டிருந்தது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி வரம்பு 192.168.1.100 முதல் 109 வரை, அதாவது பத்தே முகவரிகள் என்றும், காலக்கெடு ஏழு நாள் என்றும் இருந்தன. வழங்கப்பட்டவற்றின் பட்டியலில் பத்து வரிகளும் நிரம்பியிருந்தன. அவற்றில் ஏழு வரிகளில் என் மடிக்கணினியின் பெயரே இருந்தது. மேக் முகவரி, அதாவது கருவியின் வன்பொருள் முகவரி, மட்டும் ஒவ்வொன்றிலும் வேறாக இருந்தது. என்றோ ஒருநாள் மடிக்கணினியின் வைஃபை அமைப்பில், வன்பொருள் முகவரியை நாள்தோறும் மாற்றும் வசதியை நானே இயக்கியிருந்தேன். அதனால் அது தினமும் புதிய கருவியாக வந்து புதிய முகவரி பெற்றது. பழையவை ஏழு நாள் கெடு தீரும்வரை விடுபடவில்லை. அந்த ஏழும், கைபேசிகள் இரண்டும், தொலைக்காட்சியும் சேர்ந்தால் பத்து. அணைத்து வைத்த நாட்களில் கெடு முடிந்துபோன மேசைக் கணினிக்கு எதுவும் மிஞ்சவில்லை. கைபேசிகளும் தொலைக்காட்சியும் தம்மிடமிருந்ததையே புதுப்பித்துக்கொண்டதால் அவற்றுக்குச் சிக்கல் வரவில்லை.

வரம்பை 199 வரை நீட்டி, கெடுவை ஒரு நாளாக்கி, வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை நிறுத்தினேன். பொது இடங்களில் அது இருப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. மேசைக் கணினியை மறுபடி தானியங்கி முகவரிக்கு மாற்றியதும் 192.168.1.110 கிடைத்தது. கையால் இட்ட முகவரியை அப்படியே விட்டால், பின்னொரு நாள் ரவுட்டரை மாற்றும்போது அதுவே புதிய கோளாறாகிவிடும்.

மறுமொழி:

கையால் இட்ட அமைப்பை விட்டுவைத்ததால் வந்த தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். என் மடிக்கணினிக்கு முகவரி சரியாகக் கிடைத்தது, ரவுட்டருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கும் பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பினால் பதில் வந்தது. ஆனால் ஓர் இணையதளமும் திறக்கவில்லை. எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தின் உள் சேவையகத்தின், 10 என்று தொடங்கும் முகவரி அங்கே அப்படியே இருந்தது. வீட்டிலிருந்து அதை எட்டவே முடியாது. தானியங்கிக்கு மாற்றியதும் எல்லாம் திறந்தன.

முதல் பதிவரின் பதில்:

பிங் சோதனையை ரவுட்டரிலிருந்து தொடங்கியது சரியான முறை. வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பிப் பார்த்திருந்தால், அதன் ஃபயர்வால் பதிலைத் தடுத்து, நல்ல இணைப்பையும் கெட்டதாகக் காட்டியிருக்கக்கூடும்.