ரெட் இங்க் நான்கு, பென்ஷன் இல்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

மணல்மேட்டான்

ஆர்மி சர்வீஸ் பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம். ரெட் இங்க் என்பது கன்டக்ட் ஷீட்டில் (நடத்தைப் பதிவேட்டில்) சிவப்பு மையில் எழுதும் தண்டனைப் பதிவு. நான்காவது விழுந்த கையோடு 2011-ல் ஆர்மி ரூல் 13(3)-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று என்ட்ரி லீவு ஓவர்ஸ்டே (லீவு முடிந்தும் திரும்பாதது), ஒன்று குடித்துவிட்டு ரோல்காலுக்கு வந்தது. எதையும் மறைக்கவில்லை. பதினைந்து வருஷம் முடியாததால் பென்ஷன் இல்லை, கேண்டீன் கார்டு இல்லை, செக்யூரிட்டி வேலைக்குப் போனால்கூட டிஸ்சார்ஜ் புக்கில் 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்டு' (இனி இவர் சேவை தேவையில்லை) என்ற வரியைப் பார்த்துவிட்டு "அப்புறம் சொல்கிறோம்" என்பார்கள்.

நான் எழுத வந்தது அதற்காக இல்லை. 'உன்னை ஏன் அனுப்பக் கூடாது' என்று விளக்கம் கேட்கும் ஷோகாஸ் நோட்டீஸ் வாங்கிய அன்று நடந்தது தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கிளார்க் மேசையில் இரண்டு தாள்கள். மேலே இருந்தது நோட்டீஸ். கீழே இருந்ததைக் 'காப்பி' என்றார். ஃபேன் காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன் மேல் தன் டீ கிளாஸை வைத்திருந்தார். கிளாஸை நகர்த்தி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரலால் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு வருஷம் கழித்து, ஆயுதப்படை டிரிப்யூனலில் நான் போட்ட வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த கவுன்ட்டரை (பதில் மனுவை) புரட்டுகிறேன். நோட்டீசுக்கு நான் கொடுத்த 'பதில்' என்று ஒரு தாள். இங்கிலீஷில் டைப் அடித்தது. எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, மேற்கொண்டு பணியாற்ற விருப்பமும் இல்லை என்று இருக்கிறது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவன் நான். அந்த இங்கிலீஷை வாசிக்கவே வக்கீலின் ஜூனியர் உதவ வேண்டியிருந்தது. கீழே என் கையெழுத்து. ஓரத்தில், ஜெராக்ஸிலும் மங்கலாகத் தெரிகிற மாதிரி, ஒரு வட்டம். டீ கிளாஸ் வட்டம்.

இப்படி வேறு யாருக்காவது நடந்ததா?

செல்வி திருப்பத்தூர்

என் அப்பாவை 1986-ல் அனுப்பினார்கள். காரணத்தை எங்களிடம் சொன்னதே இல்லை. 'ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன்', அவ்வளவுதான். அவர் இறந்த பிறகு அம்மாவுக்கு ஏதாவது கிடைக்குமா என்று மனு போடப் போனால், முதலில் ஆர்மி நம்பர் கேட்டார்கள். வீட்டில் ஒரு காகிதம் இல்லை.

மிச்சம் இருந்தது பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டிதான். எல்லார் வீட்டுப் பெட்டியிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பெயர் இருக்குமே. அப்பா அந்த இடத்தில் மட்டும் பச்சை பெயின்ட் அடித்துவிட்டிருந்தார். கதவுக்கு அடித்ததில் மீந்தது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வெயிலில் வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிளேடால் சுரண்டினேன். நம்பரின் ஏழு எழுத்தையும் எடுக்க ஒரு மதியம் ஆனது. அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், பக்கத்தில் வரவில்லை.

நம்பரைக் கொடுத்தோம். பதில் வந்தது. பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருப்பார்களாம், அது முடிந்து அழித்துவிட்டார்களாம். லாங் ரோல் என்ற பேரேட்டில் மட்டும் ஒரு வரி இருக்கிறது, சேர்ந்த தேதி, போன தேதி. எதற்காக என்பது இல்லை.

ஹெட்கிளார்க் (ஓய்வு)

தம்பி மணல்மேட்டான், முதலில் ஒன்று. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் தவறு. பிடிக்காவிட்டாலும் அதுதான் உண்மை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ரெட் இங்க் விழுந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆர்மி ஆக்டிலும் கிடையாது, 1954 ஆர்மி ரூல்ஸிலும் கிடையாது. பட்டாளத்தில் பாதிப் பேர் அதைச் சட்டம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்மி ஹெட்குவார்ட்டர்ஸ் 1988 டிசம்பர் 28 தேதியிட்டு அனுப்பிய கடிதம் நேர்மாறாகச் சொல்கிறது. நான்கு என்ட்ரிக்காக டிஸ்சார்ஜ் செய்வது கட்டாயம் இல்லை. ஒவ்வொரு என்ட்ரியும் எதற்காக விழுந்தது என்று பார்க்க வேண்டும். எத்தனை வருஷ சர்வீஸ், எந்தெந்தக் கஷ்டமான இடங்களில் இருந்தவன், பென்ஷனுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, இதெல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் யூனிட் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்த வேண்டும். ஷோகாஸ் அதற்குப் பிறகுதான். வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் சொன்னதும் இதுதான். விசாரணை இல்லாமல் என்ட்ரியை மட்டும் எண்ணி அனுப்பியது செல்லாது என்று டிஸ்சார்ஜை ரத்து செய்தது. பென்ஷனுக்குத் தகுதியான காலம் வரை அவர் பணியில் இருந்ததாகவே வைத்துக்கொள்ளச் சொன்னது. இடைப்பட்ட காலத்துக்குச் சம்பளம் கிடையாது, பென்ஷன் உண்டு.

ஆகவே நீங்கள் டீ வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அதை நிரூபிப்பது நடக்கிற காரியம் இல்லை. பூர்வாங்க விசாரணை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போட்டு, கன்டக்ட் ஷீட், ஷோகாஸ், விசாரணை அறிக்கை, பிரிகேட் கமாண்டர் கையெழுத்திட்ட ஆணை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'என் ஆவணங்கள் அனைத்தும்' என்று கேட்டால் எதுவும் வராது. அறிக்கையே இல்லை என்று பதில் வந்தால் அதைவிடப் பெரிய ஆயுதம் வேறு இல்லை. ஆறு மாதத்துக்குள் டிரிப்யூனல் போகவில்லையே என்று மறுதரப்பு கட்டாயம் கிளப்பும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மனுவில் காரணத்தைத் தேதி வாரியாக எழுதுங்கள், 'வறுமை' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ஜெயித்தாலும் முழு நிலுவையை எதிர்பார்க்க வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் தர்சேம் சிங் தீர்ப்புக்குப் பிறகு, தாமதமாக வந்த பென்ஷன் வழக்குகளில் நிலுவையைப் பெரும்பாலும் மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

செல்வி அம்மா, லாங் ரோல் வரியின் நகலை விடாதீர்கள். சேவைக்காலமாவது அதில் உறுதியாகிறது.

என் அனுபவம் என்று பெரிதாக இல்லை. பதினெட்டு வருஷம் அந்த மேசையின் மறுபக்கம் இருந்தேன். நானும் பதில்களை டைப் அடித்து வைத்திருக்கிறேன். பையன்களுக்கு இங்கிலீஷ் எழுத வராது, பிரிகேடுக்குத் தேதிக்குள் போக வேண்டும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

பாலைவனப் பட்டாளம்

எல்லாரும் ஒரே பக்கமாக அழுகிறீர்கள். ஓவர்ஸ்டே போட்டவன் ஊரில் இருக்கும்போது அவன் சென்ட்ரி டியூட்டியை யார் பார்த்தது?

2004, ராஜஸ்தான். என் தங்கைக்குக் கல்யாணம், லீவு சாங்ஷன் ஆகி ரயில் டிக்கெட் கையில். எனக்கு முன் போனவன் திரும்பவில்லை. பத்து நாள், இருபது நாள். முப்பது நாள் தாண்டி கோர்ட் ஆஃப் என்கொயரி வைத்து டெசர்ட்டர் (பட்டாளத்தை விட்டு ஓடியவன்) என்று அறிவித்தார்கள். என் லீவு ரத்து. முகூர்த்த நேரத்தில் நான் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து டார்ச்சின் பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதோ இப்போதும் அந்த பேட்டரியின் பிராண்டு ஞாபகம் இருக்கிறது, தங்கை கட்டிய புடவை என்ன நிறம் என்று போட்டோவைப் பார்த்தால்தான் தெரியும். அவன் மூன்று மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தான்.

ஹெட்கிளார்க் சார் துபே வழக்கை மட்டும் சொல்கிறார். 2019-ல் சத்குர் சிங் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், திரும்பத் திரும்ப லீவு தாண்டியவனை அனுப்பியது சரி என்று சொன்னதையும் சொல்லுங்கள். துபே பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் கதவு திறக்கும் என்று ஆசை காட்டாதீர்கள்.

மணல்மேட்டான்

அண்ணே, நான் சிரித்துக்கொண்டு வரவில்லை. ஒருமுறை அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், ஆஸ்பத்திரி சீட்டோடு போனேன். சீட்டு தமிழில் இருந்ததால் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற இரண்டுக்கும் என்னிடம் நல்ல காரணம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு என் மாதிரி ஒருத்தன்தான் காரணம் என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் தண்டனை அப்போதே கொடுத்தாயிற்றே. இருபத்தெட்டு நாள் உள்ளே இருந்தேன்.

டெக்சாஸ் மீனா

இது வேறு நாட்டு அனுபவம், பரவாயில்லையா? என் கணவர் 2009-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். பச்சை அட்டை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காக எடுத்துக்கொள்ளும் மாவ்னி திட்டத்தில். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சேர்ந்த வேகத்தில் குடியுரிமையும் கிடைத்தது. ஆப்கானிஸ்தான் போய்வந்த பிறகு தூக்கம் போனது, குடி வந்தது, 2013-ல் 'அதர் தேன் ஆனரபிள்' (கௌரவமான விடுவிப்பு அல்ல) என்று டிடி-214 டிஸ்சார்ஜ் சான்றிதழில் எழுதி வெளியே விட்டார்கள். சேவையால் வாங்கிய குடியுரிமை என்றால், ஐந்து வருஷ நல்ல சேவை முடியும் முன் இப்படி வெளியே வந்தவரிடமிருந்து அதைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி எதுவும் வரவில்லை, ஆனால் கதவு தட்டும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இங்கே டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டு என்று ஒன்று உண்டு. 15 வருஷத்துக்குள் 293-ஆம் எண் படிவத்தில் மனு போடலாம், அதைத் தாண்டினால் 149-ஆம் படிவத்தில் வேறொரு போர்டுக்கு. போர் அதிர்ச்சியால் வந்த நடத்தை என்றால் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2017-ல் பென்டகன் ஒரு குறிப்பு அனுப்பியது, வக்கீல்கள் குர்ட்டா மெமோ என்பார்கள். படையில் இருந்தபோதே டாக்டர் எழுதிய சீட்டு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, வீட்டார் சொல்வதும் சான்றாகும். அதனால் நான் சாட்சி.

வீடியோவில் விசாரணை. திரையில் ஐந்து பேர். அவர் ராத்திரி எழுந்து கதவுப் பூட்டைச் சரிபார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் மாமியார் வைத்த குக்கர் விசில் அடித்தது. இவர் நாற்காலியிலிருந்து மேசைக்கு அடியில் போய்விட்டார். திரையில் யாரும் பேசவில்லை. மாமியார் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அதற்கப்புறம் அவர்கள் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் வகையை 'ஜெனரல்' என்று ஒரு படி ஏற்றினார்கள். மருத்துவம் கிடைத்தது, படிப்புக்கான பணம் கிடைக்காது, அதற்கு முழு 'ஆனரபிள்' வேண்டும். நாங்கள் வேண்டுமென்றே குக்கரை வைத்தோம் என்று அவருடைய அண்ணன் இன்றும் கிண்டல் செய்கிறார். நான் அவரோடு பேசுவதில்லை.

ஒன்பதாம் நம்பர் பேரக்

நான் ஜெயித்தவன். அதனால் யாரும் என்னிடம் ஆறுதல் எதிர்பார்க்க வேண்டாம், தொந்தரவைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினான்கு வருஷமாக ஊரில் நான் சொல்லி வைத்திருந்தது, 'நானேதான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்' என்று. மாமனாருக்கும் அப்படித்தான். டிரிப்யூனல் சென்னை அமர்வில் ஆணை வந்தது. பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்ததாக வைத்துப் பென்ஷன் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பாங்குக்கு, ரெக்கார்ட் ஆபீசுக்கு, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு என்று ஐந்து செட் ஜெராக்ஸ் வேண்டும். எங்கள் ஊரில் ஒரே கடை. கடைக்காரப் பையன் இங்கிலீஷ் படித்தவன், மெஷின் ஓடும்போதே வாசிக்கிறான். "அண்ணே, இன்டாக்ஸிகேஷன்னு நாலு இடத்துல போட்டிருக்கே, நீங்களா?" என்றான். குடிபோதைக்கு இங்கிலீஷில் அதுதான் வார்த்தை. பின்னால் என் மச்சினன் ரேஷன் கார்டு நகலுக்கு நின்றுகொண்டிருந்தான்.

தோற்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பென்ஷன் மாதம் பிறந்தால் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பழைய வரி அப்படியே இருக்கிறது. அதை மாற்ற வேறு மனு போட வேண்டும் என்கிறார் வக்கீல். போடவில்லை.

மணல்மேட்டான்

ஹெட்கிளார்க் சார், ஆர்.டி.ஐ. இன்று அனுப்பிவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரி தனித்தனியாகக் கேட்டு. நன்றி.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் டைப் அடித்து வைத்த பதில்களில் என்ன எழுதுவீர்கள்?

ஹெட்கிளார்க் (ஓய்வு)

யூனிட் வேறு தம்பி. நான் 2006-லேயே வந்துவிட்டேன். அது நான் இல்லை.

வாசகம் அதுதான். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு ஃபைலில் மாதிரி வைத்துவிட்டுப் போனார். பெயரும் நம்பரும் மட்டும் மாற்றுவோம்.