புதுப்பிப்பு: ஸ்ரீஜேஷ் பயிற்சியாளராகத் திரும்பியது பற்றி

பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு 2024 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற ஹாக்கி கோல்கீப்பர் பி. ஆர். ஸ்ரீஜேஷ், தான் இளவயதில் ஆடிய ஜூனியர் இந்திய அணிக்கே பயிற்சியாளரானபோது இங்கே கவலையோடு எழுதியிருந்தேன். கோல் காத்தவருக்கு உடனே முழு அணியையும் கொடுப்பது அவசரம் என்பது என் வாதம்.

அதை இப்போது திருத்திக்கொள்கிறேன். அந்த டிசம்பரிலேயே மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என வென்று ஜூனியர் ஆசியக் கோப்பை வந்தது. அதைவிட என்னை மாற்றியது 2025 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலுமாக சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைதான். காலிறுதியில் பெல்ஜியத்துடன் 2-2. சமநிலையை முறிக்கும் ஷூட் அவுட்டில் இளம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்ற நிதானத்தில் பாரிஸில் பிரிட்டனுக்கு எதிராக நின்ற ஸ்ரீஜேஷைப் பார்த்தேன். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5. அந்த அடி பலமானது. தடுப்பாட்டம் பற்றிய என் பயம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கிய பையன்கள், கடைசிக் காற்பகுதியில் நான்கு கோல் அடித்தார்கள்! 2021, 2023 இரண்டிலும் நான்காம் இடத்தில் நின்றுபோன அணி இது. எழும்பூர் அரங்கின் ஆரவாரம் இன்னும் காதில் இருக்கிறது.