தோல் கழலை நோய்க் காலத்தில் அரசு உதவி: உங்கள் அனுபவம்

சேலத்துக்காரர்:
2022இல் எங்கள் கறவைப் பசுவுக்கு உடல் முழுவதும் கழலைகள் எழும்பியிருந்தன. தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர், அதற்குக் காய்ச்சல் ஊசி மட்டும் போட்டுவிட்டு, எந்தக் குறையுமின்றி அசைபோட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கொட்டில் மாடுகளுக்கு அப்போது இந்நோய்த் தடுப்புக்குப் பயன்பட்ட ஆட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டுச் சென்றது இன்றும் என் மனத்தை அரிக்கிறது. பசு இறந்தபின் அதிகாரிகளிடம் நிவாரணம் கேட்டபோது, அப்படி ஆணை எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றார்கள். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் இறந்த கறவைப் பசுவுக்கு 30,000 ரூபாய் அறிவித்தார்கள். நோய்க்கு மட்டும் மாநில எல்லை தெரியாது போலும்.

கொல்லிமலை அடிவாரம்:
மருத்துவரைக் குறை சொல்வது நியாயமன்று. நோய் கண்ட மாட்டை அந்தத் தடுப்பூசி குணப்படுத்தாது. நோய் தொடாத மாடுகளைக் காப்பதற்கே அது போடப்படுகிறது. எங்கள் மாடும் இறந்தது. மானியத்தில் காப்பீடு செய்திருந்தோம். ஆனால் விசாரிக்க வந்தவர் மாட்டின் அடையாள எண் கொண்ட காது வில்லை இல்லாமல் எதுவும் நடக்காது என்று கூறி, மூடிய குழியை மறுபடியும் தோண்ட வைத்தார். ஆகவே அனைவருக்கும் சொல்கிறேன்: மாடு இறந்தால், புதைப்பதற்கு முன்பே கால்நடை மருந்தகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தந்து, பன்னிரண்டு இலக்க எண் தெரியும்படி வில்லையைப் படம் எடுத்து, பிரேதப் பரிசோதனைச் சான்றைக் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். நோய் தொடங்கிய உடனேயே, ஒரு வேளைக்குப் பத்து வெற்றிலை, பத்து கிராம் மிளகு, பத்து கிராம் உப்பு ஆகியவற்றை அரைத்து, வெல்லம் சேர்த்து, முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் இரண்டு வாரம் நாளுக்கு மூன்று வேளையும் நாக்கில் தடவிக் கொடுங்கள். ஈயும் கொசுவும் உண்ணியும்தான் நோயைப் பரப்புகின்றன என்பதால், மாலையில் கொட்டிலில் வேப்பிலைப் புகை போடுவதையும் விட்டுவிடாதீர்கள்.

செங்கம் வட்டம்:
வெற்றிலை வைத்தியத்தை இங்கே யாரும் கேட்கவில்லையே. சேலத்து நண்பருக்கு ஒன்று: ராஜஸ்தானில் 2022இல் இறந்த மாடுகளுக்கான 40,000 ரூபாய், விவசாயிகளின் வங்கிக் கணக்கில் ஏறியது 2023 ஜூனில்தான். இரண்டு மாநிலங்களிலும் பணம் இறந்த மாட்டுக்குத்தான். என் மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் காம்பில் புண் கண்டு, சங்கத்துக்கு ஊற்றும் பால் பாதியாகிவிட்டது. மருந்தகப் பதிவேட்டில் 'குணமடைந்தது' என்று எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கியபோது, இந்தப் பால் இழப்பை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அந்த ஊழியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். இப்படிப் பிழைத்த மாட்டைக் காட்டி, கறவைக் கடன் தவணையைத் தள்ளிவைக்க மனுக் கொடுத்துப் பெற்றவர்கள் யாரேனும் இருந்தால், எவ்வாறு எழுதினீர்கள் என்று தெரிவியுங்கள்.